கொங்கு நாட்டில் கல்யாணம், பிரிவு, மறுமணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் மாவட்டங்களிலும் அவற்றை ஒட்டிய பழனி, சங்ககிரி பக்கங்களிலும் குடும்பங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. இங்கே ஒரு பிரிவை ஊரும் உறவும் பேசி முடித்துவிடுகிறார்கள், ஆனால் தாளில் முடிக்காமல் விட்டுவிடுகிறார்கள். பத்து வருடம் கழித்து அதற்கான விலையைப் பெண்ணும் பிள்ளையும்தான் கொடுக்கிறார்கள். அதனால் இந்த விடைகளில் காகிதங்களைப் பற்றிய பேச்சு அதிகம் இருக்கும். சட்ட விவரங்கள் இந்துத் திருமணச் சட்டத்தை ஒட்டியவை. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனிச் சட்டங்கள் உண்டு.

முன்பெல்லாம் கொங்கில் யாரும் பிரிந்ததே இல்லை, இப்போதுதான் எல்லாம் கெட்டுவிட்டது என்கிறார்களே?

முன்பும் பிரிந்தார்கள். "பொறந்த ஊட்டுக்கு வந்துட்டா" என்று ஒரே வரியில் சொல்லி முடித்துக்கொண்டார்கள். அந்தப் பெண்ணுக்கு வாழாவெட்டி என்று பெயர் வைத்து, அண்ணன் வீட்டுத் திண்ணையில் ஒரு மூலையைக் கொடுத்தார்கள். நீதிமன்றத்துக்குப் போகாததால் அது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க மணமுறிவு பெற்றவர்கள் ஏறத்தாழ 13.6 லட்சம் பேர். அது மணமானவர்களில் 0.24 சதவீதம். தீர்ப்பு வாங்காமலேயே பிரிந்து வாழ்வோர் 0.61 சதவீதம், அதாவது இரண்டரை மடங்கு. நாம் கவலைப்பட வேண்டியது இந்த இரண்டாவது எண்ணைப் பற்றித்தான்.

மாறியது என்ன என்று கேட்டால், குடும்பத்தின் அளவு. தோட்டம் துண்டுபடக் கூடாது என்று கொங்கில் ஒன்று, இரண்டு பிள்ளைகளோடு நிறுத்தும் வழக்கம் மற்ற பகுதிகளைவிடச் சீக்கிரமே வந்துவிட்டது. ஒற்றை மகளைப் பெற்றவர்கள் அவள் அழுதுகொண்டு வந்து நின்றால் "சகிச்சுக்கிட்டுப் போ சாமி" என்று திருப்பி அனுப்புவதில்லை. அவள் கையில் படிப்பும் சம்பளமும் இருக்கிறது. இது குடும்பம் கெட்டதற்கான அடையாளம் அல்ல, மகளின் உயிருக்கு மதிப்பு கூடியதற்கான அடையாளம்.

இன்னொரு மாற்றமும் உண்டு. முறைமாமன், அத்தை மகன் என்று சொந்தத்தில் கட்டும்போது, சண்டை வந்தால் உட்கார்ந்து பேச இரு பக்கத்துக்கும் பொதுவான ஒரு அப்புச்சியோ (அம்மாவின் அப்பா) மாமனோ இருந்தார். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில்கூடத் தமிழ்நாட்டில் 28 சதவீதப் பெண்கள் சொந்தத்தில் மணமுடித்தவர்கள். ஆனால் ஒற்றைப் பிள்ளைக் குடும்பங்கள் கூடக் கூட, அடுத்த தலைமுறைக்கு அத்தையும் இல்லை, மாமனும் இல்லை. மாப்பிள்ளையின் உடன்பிறந்தவளுக்குச் செய்யும் இணைச்சீருக்கே பங்காளி வீட்டிலிருந்து ஒரு பெண்ணைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. திருமணத் தகவல் மையம் வழியாக முன்பின் தெரியாத இரு குடும்பங்கள் சேரும்போது "நான் பொறுப்பு" என்று சொல்ல நடுவில் ஆள் கிடையாது.

பெரியவர்கள் முன்னால் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பிரிந்துவிட்டோம். இது போதாதா?

போதாது. கொங்கில் மிக அதிகமாக நடக்கும் தவறு இதுதான், பின்விளைவும் இதற்குத்தான் அதிகம்.

நடப்பது இப்படி: இரு பக்கமும் நான்கு நான்கு பேர் கோயில் மண்டபத்திலோ மில் முதலாளி வீட்டிலோ கூடுகிறார்கள். நகை இவ்வளவு, பணம் இவ்வளவு என்று பேசி, "இனி ஒருவருக்கொருவர் எந்தப் பாத்தியதையும் இல்லை" என்று எழுதுகிறார்கள். நோட்டரி முத்திரையும் விழுகிறது. முத்திரை இருப்பதால் அது தீர்ப்பு என்று நம்பிவிடுகிறார்கள். அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்ததையும் இப்படியே நம்புகிறார்கள். இரண்டுமே தீர்ப்பு ஆகாது. சட்டத்தின் 29(2) பிரிவு சமூக வழக்கப்படியான மணமுறிவை ஏற்கிறது என்பது உண்மை. ஆனால் அந்தச் சமூகத்தில் நெடுங்காலமாக, இடைவிடாமல் அந்த வழக்கம் இருக்கிறது என்று சாட்சியத்தோடு நிரூபிக்க வேண்டும். அது எளிதில் நடப்பதில்லை.

சிக்கல் வெளியே வருவது பிற்பாடுதான். அந்தத் தாளை நம்பி மறுகல்யாணம் செய்தால் அது செல்லாத கல்யாணம். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 82ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டு வரை சிறைக்கும் இடமுண்டு. கணவர் விபத்தில் இறந்தால் மில்லின் வருங்கால வைப்புநிதிக்கும் வாரிசுச் சான்றிதழுக்கும் முதல் மனைவி வந்து நிற்பார். சட்டப்படி அவர்தான் மனைவி. எட்டு வருடம் கூட வாழ்ந்து பிள்ளை பெற்றவர் வெறுங்கையோடு நிற்பார்.

பேசி முடிப்பதில் தவறில்லை, நல்லதும்கூட. பேசி முடித்ததை அப்படியே பரஸ்பர சம்மத மனுவாக நீதிமன்றத்தில் போடுங்கள்.

பரஸ்பர சம்மத மணமுறிவு எப்படி நடக்கும்? எவ்வளவு நாள் ஆகும்?

சட்டப்பிரிவு 13பி. கல்யாணமாகி ஓராண்டு முடிந்திருக்க வேண்டும், ஓராண்டாகப் பிரிந்தும் இருந்திருக்க வேண்டும். பிரிந்திருத்தல் என்றால் வேறு வேறு ஊரில் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரே கூரையின் கீழ் கணவன் மனைவியாக வாழாமல் இருந்தாலும் கணக்குத்தான்.

மனுவை எந்த ஊரில் போடலாம்? கல்யாணம் நடந்த இடம், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம், எதிர்த்தரப்பு வசிக்கும் இடம், மனைவி மனுப் போட்டால் அவர் இப்போது வசிக்கும் இடம். கோவை, சேலம் போன்ற நகரங்களில் குடும்பநல நீதிமன்றம் உண்டு. இல்லாத இடத்தில் சார்பு நீதிமன்றம். அழைப்பிதழ், கல்யாணப் போட்டோ, பதிவுச் சான்று, ஆதார் ஆகியவை வேண்டும். அழைப்பிதழ் தொலைந்துபோன வீடுகள் நிறைய, பதிவுச் சான்று அங்கேதான் கைகொடுக்கும்.

முதல் மனு ஏற்றபின் ஆறு மாதம் காத்திருந்து, பதினெட்டு மாதத்துக்குள் இருவரும் மறுபடி வந்து சம்மதம் சொல்ல வேண்டும். ஒப்பந்தமெல்லாம் முடிந்து, சேர வாய்ப்பே இல்லை என்றால் அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017ல் சொன்னது. தானாகக் கிடைக்காது, தனி மனுப் போட வேண்டும்.

தீர்ப்பு வரும்வரை யாரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். இங்கேதான் ஆட்டம் காணும். முதல் நாளே முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டால் பின்வாங்குவார்களோ என்ற பயம் ஒரு பக்கம், கையெழுத்துக்குப் பிறகு தரமாட்டார்களோ என்ற பயம் மறு பக்கம். ஒரு பகுதியை முதல் மனுவின்போதும், மீதியை இரண்டாம் மனு நாளில் நீதிபதி முன்னால் வங்கி வரைவோலையாகவும் கொடுப்பது இரு தரப்புக்கும் காப்பு. வரைவோலை எண்ணும் தேதியும் தீர்ப்பில் ஏற வேண்டும்.

"பிள்ளைக்கும் எதுவும் கேட்கமாட்டேன்" என்று தாய் எழுதிக் கொடுப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். ஜீவனாம்சம் குழந்தையின் உரிமை, அதைத் தாய் விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் அந்த வரியைக் காட்டியே வருடக்கணக்கில் இழுத்தடிப்பார்கள். பள்ளிக் கட்டணத்தில் யார் பங்கு எவ்வளவு, கோடை விடுமுறையில் எத்தனை நாள் யார் வீட்டில், பாஸ்போர்ட்டுக்குக் கையெழுத்துத் தருவாரா என்பது வரை எழுதிவிடுங்கள்.

ஒருவர் மட்டும் சம்மதிக்கவில்லை என்றால்?

கொடுமை, இரண்டாண்டு கைவிடல், வேறொருவருடன் உறவு போன்ற காரணங்களில் ஒன்றை நிரூபிக்க வேண்டும். பல ஆண்டுகள் பிடிக்கும். "கல்யாணம் செத்துப்போய்விட்டது" என்பது மட்டும் கீழ் நீதிமன்றத்தில் காரணம் ஆகாது. அந்த அடிப்படையில் பிரித்துவைக்கும் அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும் உண்டு என்று 2023 தீர்ப்பு சொல்கிறது.

கணவருக்குத் தோட்டமும் தறியும் இருக்கிறது. நீதிமன்றத்தில் "வருமானமே இல்லை" என்கிறார். ஜீவனாம்சம் எப்படிக் கேட்பது?

கொங்கின் வருமானத்தில் பெரும்பகுதி சம்பளச் சீட்டில் வராது. 2020 முதல், இரு தரப்பும் சொத்து, கடன், வருமானம் பற்றிப் பிரமாண வாக்குமூலம் தாக்கல் செய்ய வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் கட்டளை. தொகையையும் மனுப் போட்ட தேதியிலிருந்தே கணக்கிட வேண்டும். அவர் எழுதுவதை மறுக்க உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும்.

பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாம் இணையத்திலேயே கிடைக்கும். தென்னை எத்தனை ஏக்கர், மஞ்சள் எத்தனை ஏக்கர் என்று அடங்கல் சொல்லும். பால் சங்கத்தில் ஊற்றும் பாலுக்குக் கணக்கு உண்டு, பணம் வங்கியில் ஏறுகிறது. மஞ்சள் ஏலத்தில் போட்ட ரசீது, தேங்காய்ப் பருப்பு விற்ற சீட்டு இரண்டும் வருமானத்தைப் பேசும். விசைத்தறி என்றால் மின் இணைப்பு எண்ணும் அதன் யூனிட் அளவும், லாரி அல்லது போர்வெல் வண்டி என்றால் ஆர்சி புத்தகமும் தவணை கட்டும் கணக்கும். மாதம் நாற்பதாயிரம் தவணை கட்டுகிறவர் வருமானம் இல்லை என்று சொல்ல முடியாது. வீட்டை விட்டு வருவதற்கு முன் இவற்றைச் செல்போனில் படமெடுத்துக்கொண்டவர்கள் வழக்கில் பாதி தூரம் வந்துவிட்டார்கள்.

2024 ஜூலை 1 முதல் இந்த மனு பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதா 144ன் கீழ் வரும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 125தான் அது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு விண்ணப்பம் போதும். அடி, மிரட்டல் இருந்தால் பெண்கள் உதவி எண் 181க்கு அழையுங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் புகாரைப் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள். சாளை (தோட்டத்து வீடு) மாமனார் பேரில் இருக்கிறது என்பதற்காக மருமகளை நினைத்தபோது வெளியேற்றிவிட முடியாது. கல்யாணமாகி வந்து வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமையை 2005 குடும்ப வன்முறைச் சட்டம் தருகிறது.

போட்ட நகையையும் சீரையும் திரும்ப வாங்குவது எப்படி?

பெண்ணுக்குப் போட்டது பெண்ணுடையது. மாமியார் பீரோவில் இருந்தாலும் அவளுடையதுதான். தகராறு உரிமையில் வருவதில்லை, எடையில் வருகிறது. "ஐம்பது பவுன் போட்டோம்" என்பார்கள் இங்கே, "முப்பதுதான்" என்பார்கள் அங்கே.

வரதட்சணைத் தடைச் சட்டத்தின் 1985ஆம் ஆண்டு விதிகளின்படி கல்யாண நேரத்தில் கொடுக்கும் அன்பளிப்புகளுக்குப் பட்டியல் எழுதி, பெண்ணும் மாப்பிள்ளையும் கையெழுத்துப் போட வேண்டும். கொடுத்தவர் பெயர், உறவுமுறை, பொருள், உத்தேச மதிப்பு இருக்க வேண்டும். மொய் நோட்டை ஐந்து ரூபாய் பிசகாமல் எழுதும் நம் ஊரில் இந்தப் பட்டியலை எழுதும் வீடு அபூர்வம், "நம்பிக்கை இல்லையா" என்று கேட்டுவிடுவார்களோ என்ற கூச்சம். நிச்சயத்தில் உப்புச் சர்க்கரை மாற்றும் அன்றே பேசிவிட்டால் கூச்சம் போய்விடும்.

2023 ஏப்ரல் முதல் கடையில் விற்கும் ஹால்மார்க் நகை ஒவ்வொன்றிலும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடு இருக்கிறது. ஆரத்தின் கொக்கிப் பக்கத்தில், வளையலின் உள்வட்டத்தில் பார்த்தால் தெரியும், பூதக்கண்ணாடி வேண்டும். அந்தக் குறியீட்டையும் கிராம் எடையையும் பில் எண்ணோடு பட்டியலில் எழுதினால் அதற்குமேல் வாதம் இல்லை. அம்மிச்சி (அம்மாவின் அம்மா) கொடுத்த பழைய அட்டிகைக்குக் குறியீடு இராது, அதைத் தராசில் வைத்து எடை தெரியும்படி போட்டோ எடுங்கள்.

நகை காணாமல் போகும் வழி பெரும்பாலும் அடகுதான். தறிக்கு நூல் வாங்க, போர் போட என்று கணவர் தன் பேரில் அடகு வைப்பார். சண்டைக்குப் பிறகு வட்டி கட்டமாட்டார், ஏலத்துக்குப் போய்விடும். அடகு வைத்தே ஆக வேண்டுமென்றால் மனைவி பேரில் வையுங்கள். லாக்கரும் அவர் பேரில் இருக்கட்டும்.

கல்யாணத்தைப் பதிவு செய்யாவிட்டால் என்ன?

தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி எல்லா மதத்தவருக்கும் பதிவு கட்டாயம். 90 நாளுக்குள், தாமதக் கட்டணத்தோடு 150 நாள் வரை. அதைத் தாண்டிய இந்துத் தம்பதியர் இந்துத் திருமணச் சட்டத்தின் கீழ் பதியலாம். ஐயர் இல்லாமல் சமூகப் பெரியவரான அருமைக்காரர் நடத்திய சீர்க் கல்யாணமும் சுயமரியாதைக் கல்யாணமும் சட்டப்படி செல்லும். சான்று மட்டும் சார்பதிவாளர் அலுவலகத்தில்தான் கிடைக்கும்.

தங்கச்சிக்குச் சீர் செய்தாகிவிட்டது. சொத்தில் பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டியதுதானே?

அவர் விருப்பம். கடமை கிடையாது. பூர்வீகச் சொத்தில் கல்யாணமாகாத மகள்களுக்குத் தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதலே சமபங்கு தந்தது. 2005 திருத்தம் எல்லா மகள்களுக்கும் தந்தது. தந்தை 2005ல் உயிரோடு இல்லாவிட்டாலும் அந்த உரிமை உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 2004 டிசம்பர் 20க்கு முன் முறைப்படி நடந்த பாகப்பிரிவினையை மட்டும் கிளற முடியாது. தந்தை தானாகச் சம்பாதித்த சொத்து வேறு, அவர் யாருக்கும் எழுதலாம்.

சீர் பங்குக்கு ஈடு என்பது நம் பக்கத்து நியாயம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: கோவை, அவிநாசி சாலைப் பக்கம் ஒரு ஏக்கர் என்ன விலை, போட்ட நகை என்ன விலை. பத்திரம் எழுத அழைக்கும்போது "சும்மா ஒரு கையெழுத்து" என்றுதான் சொல்வார்கள். நகலை வீட்டுக்கு வாங்கி வந்து, சர்வே எண்களையும் பரப்பையும் படித்துவிட்டுப் போடுங்கள். ஏமாற்றி வாங்கியிருந்தால், தெரியவந்த நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் வழக்குப் போட வேண்டும்.

இது ஏன் மணமுறிவுப் பக்கத்தில் வருகிறது என்றால், பிரிந்து வரும் பெண் நிற்க இடம் தேடுவது அந்தத் தோட்டத்தில்தான். அவர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டால், அண்ணியின் தயவில் வாழ்கிறார்.

தோட்டம் பார்க்கும் பையனுக்கு ஏன் பெண் கிடைக்கவில்லை?

முதல் காரணத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: பெண் குழந்தைகள் பிறக்கவும் பிழைக்கவும் விடப்படவில்லை. 1992ல் தொட்டில் குழந்தைத் திட்டம் முதலில் சேலத்தில்தான் தொடங்கப்பட்டது. அப்போது குறைந்த எண்ணிக்கை இன்று முப்பது வயது மாப்பிள்ளைகளாக வரிசையில் நிற்கிறது. அடுத்தது படிப்பு. பெண் பொறியியல் முடித்திருப்பாள், பையன் தோட்டத்தை விட முடியாமல் நின்றிருப்பான். ஐந்து மணிக்குச் சாணி அள்ளி, தீவனம் அறுக்கும் வாழ்க்கையை அவள் தாய் வாழ்ந்து முடித்தாள், மகளுக்கு அது வேண்டாம் என்கிறாள். இதில் ஒரே கூட்டத்துக்குள் (குலத்துக்குள்) கட்டக் கூடாது என்ற விதியும் ஜாதகப் பொருத்தமும் சேர்ந்து, இருக்கும் சில பெண்களையும் வடிகட்டிவிடுகின்றன.

இதனால் தரகர் வழியாகக் கேரளத்திலிருந்து பெண் எடுப்பது நடக்கிறது. நன்றாக வாழ்பவர்கள் உண்டு. கெடுவது எங்கே என்றால், தரகர் இரு பக்கமும் பொய் சொல்லும்போது. "பத்து ஏக்கர்" என்று சொன்னது இரண்டாக இருக்கும், கடன் சொல்லப்பட்டிருக்காது. பெண்ணுக்கு இங்கே ஒரு சொந்தமும் இல்லை, மொழியும் புதிது. பெண் வீட்டார் இங்கே வந்து சிட்டாவைப் பார்க்க வேண்டும், பதிவை முதல் மாதமே முடிக்க வேண்டும். சாதி மாறிய கல்யாணமானால் பிள்ளைக்குத் தாய் அல்லது தந்தையின் சாதியில் சான்று பெறலாம்.

சாதி மாறிக் கல்யாணம் செய்யும் மேஜர் ஜோடிக்கு என்ன பாதுகாப்பு?

2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் ஓர் இளைஞர் இதற்காகவே வெட்டிக் கொல்லப்பட்டார். ஆகவே பயத்தை மிகை என்று யாரும் தள்ளக் கூடாது. 2018ல் உச்ச நீதிமன்றம் இத்தகைய ஜோடிகளுக்கு மாவட்டந்தோறும் தனிப்பிரிவும் தங்குமிடமும் வேண்டும் என்றது. கல்யாணத்துக்கு முன்பே மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் மனுக் கொடுங்கள். சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் அறிவிப்பு ஒட்டப்படும், அந்த முப்பது நாளும் ஆபத்தானவை. இருவரும் இந்துக்கள் என்றால் சுயமரியாதைக் கல்யாணம் அந்த அறிவிப்பு இல்லாமல் நடக்கும்.

தனியாகப் பிள்ளை வளர்க்கிறேன். காதுகுத்து, இனிஷியல், ரேஷன் கார்டு?

கோயிலுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று கட்டும் தலைக்கட்டு வரி ஆண் பேரில்தான் எழுதப்படுகிறது. பிரிந்த பெண் கணவனின் குலதெய்வக் கோயில் கணக்கிலும் இல்லை, பிறந்த வீட்டுக் கணக்கிலும் இல்லை. இது மாற வேண்டிய வழக்கம். பிள்ளையின் முடியிறக்கையும் காதுகுத்தையும் தந்தை வழிக் கோயிலில் மறுத்தால் தள்ளிப்போடாதீர்கள். எப்படியும் தாய்மாமன் மடியில்தான் உட்கார வைக்கப்போகிறோம், எந்தக் கோயிலிலும் செய்யலாம்.

இனிஷியலுக்குத் தாயின் பெயரை வைக்கலாம். பள்ளியில் சேர்க்கும்போதே முடிவு செய்யுங்கள், பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்குப் பிறகு மாற்றுவது பெரும்பாடு. ரேஷன் கார்டில் கணவர் வீட்டிலிருந்து பெயர் நீக்கினால்தான் புதிது கிடைக்கும். தீர்ப்பு இல்லாதவர்கள் இ-சேவை மையத்தில் கைவிடப்பட்ட பெண் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம், கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து வட்டாட்சியர் தருவார். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருப்பவர்கள் வாடகை ஒப்பந்தத்தைத் தங்கள் பேரில் எழுதி வாங்கினால் முகவரிச் சான்றாகவும் அது உதவும்.

தீர்ப்பு வந்ததும் மறுகல்யாணம் செய்யலாமா?

மேல்முறையீட்டுக் காலமான 90 நாள் கழியட்டும், தீர்ப்பின் சான்றிட்ட நகலையும் வாங்கிவையுங்கள். சென்னிமலை, திருச்செங்கோடு போன்ற கோயில்களில் செய்வதானால் அந்த நகலைக் கேட்பார்கள். முதல் கல்யாணத்துப் பிள்ளைக்கு வர வேண்டிய ஜீவனாம்சம் தாயின் மறுமணத்தால் நிற்காது.

பிள்ளைகள் பெங்களூரிலும் அமெரிக்காவிலும். தோட்டத்துச் சாளையில் நாங்கள் இருவர் மட்டும். சொத்தை இப்போதே எழுதிவைக்கலாமா?

2024லும் 2025லும் பல்லடம் பக்கமும் சிவகிரியிலும் தோட்டத்து வீடுகளில் முதியவர்கள் கொல்லப்பட்டது எல்லோர் மனத்திலும் இருக்கிறது. அந்தப் பயத்தில் அவசரமாகச் செட்டில்மென்ட் (உயிரோடு இருக்கும்போதே சொத்தை மாற்றிக் கொடுக்கும் பத்திரம்) எழுதிக் கொடுத்துவிட்டு டவுனுக்குப் பெட்டியைத் தூக்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். முடிந்தால் உயில் எழுதுங்கள், உயிருள்ளவரை மாற்றலாம். செட்டில்மென்ட்தான் என்றால், 2007 மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவு உங்களுக்குக் காவல். பராமரிக்காத பிள்ளைக்கு எழுதியதைக் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்து ரத்து செய்யலாம். ஆனால் "என்னையும் என் மனைவியையும் ஆயுள்வரை உணவு, மருத்துவம், இருப்பிடம் தந்து பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில்" என்ற வரி பத்திரத்திலேயே இருந்தால்தான் மனு வலுவாக நிற்கும். பத்திர எழுத்தர் வைத்திருக்கும் மாதிரியில் பெரும்பாலும் அந்த வரி இருக்காது. கேட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள், கையெழுத்துக்கு முன் அந்தப் பக்கத்தை ஒருமுறை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.